சம்பந்தி வேட்டியில் துரு

சண்முகவடிவு 1927-ஆம் ஆண்டு பங்குனி மாதம் பந்தல்குடியில் பிறந்தார். தந்தை அவ்வூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். 1945-இல் அருப்புக்கோட்டை வெள்ளத்துரைக்கு வாழ்க்கைப்பட்டார். ஒரே மகள் முருகேஸ்வரி 1948-இல் பிறந்தார். அதுவரை பிறர் கடையில் கணக்கெழுதி வந்த வெள்ளத்துரை, 1961-இல் பஜாரில் சொந்தமாக இரும்புக் கடை திறந்தார். சண்முகவடிவு 1978-இல் காலமானார். அவருக்கு நேர் இளையவர் என் தாயார் சந்தனம்மாள். ஆகவே சண்முகவடிவு எனக்குப் பெரியம்மா.

மேலே உள்ளவை காகிதங்களில் இருப்பவை. இனி எழுதுவதில் சிறு பகுதி நான் கண்டது. பெரும்பகுதி என் தாயாரும் முருகேஸ்வரி அக்காவும் தனித்தனியே சொன்னது. இருவர் கூற்றும் ஓரிடத்தில் மாறுபடுகிறது. அந்த இடம் வரும்போது அதைக் குறிப்பிடுகிறேன்.

இரும்புக் கடை திறந்த ஆண்டிலேயே பெரியம்மா வீட்டுக்குள் துருவும் நுழைந்தது. பெரியப்பா வெள்ளை வேட்டி தவிர வேறு உடுத்தியவர் அல்லர். கடையில் இருந்தவையோ கலப்பைக் கொழு, வண்டிப் பட்டை, வாளி, கிணற்றுச் சங்கிலி, ஆணி. மடியில் ஆணியைக் கொட்டித் தரம் பிரிப்பார்; வாளியை இடுப்பில் அணைத்துத் தூக்குவார். வியர்வை பட்ட இடத்தில் இரும்பு தொட்டால் துணியில் செம்பழுப்பாகக் கறை விழுந்துவிடும். எங்கள் சமூகத்தாரின் உறவின்முறைக் கூட்டத்தில் எல்லோரும் வெள்ளையாக அமர்ந்திருக்க, அவர் மட்டும் புள்ளியும் கோடுமாகப் போய் உட்காருவார். "வெள்ளத்துரை கடையில என்ன சரக்கு வந்திருக்குன்னு கேக்கவே வேண்டாம். வேட்டியப் பாத்தாப் போதும்" என்று சொல்லிச் சிரிப்பார்களாம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவார். சிரிக்க முடியாதவர் பெரியம்மாதான்.

தொடக்கத்தில் அவர் எல்லோரும் செய்வதையே செய்தார். வேட்டிகளைச் சலவைக்குப் போட்டார். உவர்மண்ணில் ஊறி, வெள்ளாவியில் வெந்து, துணி பளிச்சென்று திரும்பி வந்தது. ஆனால் துருப்பட்ட இடம் முன்னிலும் அழுத்தமாகப் பழுத்து நின்றது. உவர்மண்ணின் காரம் பட்டால் துரு நூலோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அந்த ஆண்டில் நான்கைந்து வேட்டிகள் அடுப்படித் துணிகளாயின.

வழி தெரிந்தது ஊறுகாய் போட்ட அன்று. எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்பில் புரட்டிய கையை, பெரியப்பாவின் கறைபட்ட பழைய துண்டொன்றில் துடைத்து, அதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் எறிந்துவிட்டு வந்திருக்கிறார். மாலையில் எடுக்கப் போனபோது, கை துடைத்த இடத்தில் மட்டும் துரு இல்லை. அதன் பிறகு பல மாதங்கள் அவர் அதே வேலையாக இருந்தார் என்று என் தாயார் சொல்வார். கறையைச் சவுக்காரம் தொடும் முன்பே எடுத்துவிட வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து, கறை இருக்கும் இடத்தைக் கிண்ணத்தின் வாயில் இழுத்துப் பிடித்து, பழத்தைப் பிழிந்து, பொடியுப்பைத் தூவி வெயிலில் வைக்க வேண்டும். காயவிடக் கூடாது; ஈரம் குறையக் குறையப் பிழிய வேண்டும். கறை வெளுத்ததும் புளிப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பழம் கிடைக்காத நாளில், புளித்துப்போன அரிசி கழுவிய நீரில் இரவு முழுதும் ஊறப்போடுவார். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சாயத் துணியென்றால் முந்தானை மடிப்பின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே கை வைப்பார்.

அறுபதுகளின் நடுவில் அந்தத் தெருவில் யார் வீட்டுத் தலையணை உறையில் ஆணித் துரு பட்டாலும், யார் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் கூறைப்புடவை கறைபட்டாலும் பெரியம்மாவிடமே வந்தது. எழுபதுகளில் கோடை விடுமுறைக்கு நாங்கள் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கும்போது, அந்த மொட்டைமாடியில் யாருடைய துணியாவது கிண்ணத்தின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டில் கம்பிக் கொடி கிடையாது. துணி உலர்த்த மூங்கில் கழிதான். சட்டையில் ஊக்கு குத்தியிருந்தால் உள்ளே நுழைவதற்குள் கழற்றிவிடுவார். எலுமிச்சம்பழத் தோலும் சூடேறிய சுண்ணாம்புத் தளமும் சேர்ந்த ஒரு மணம் அந்த வீட்டுக்கு இருந்தது. அந்த மணம் வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான், 1967 வைகாசியில், வரக்கூடாத இடத்தில் துரு வந்தது.

முருகேஸ்வரி அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்கு முன் இரண்டு இடத்தார் வந்து பார்த்துவிட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்று எழுந்து போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. மூன்றாவதாக வரவிருந்தவர்கள் திருச்சுழி சௌந்தரபாண்டியனும் அவர் மனைவி கோகிலாம்பாளும். அவர்களுக்கு ஜவுளிக் கடை; மகன் பொன்ராஜ் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அன்று வரவில்லை. இந்த இடமும் போனால், பெண் கழிபட்டு நிற்கிறாள் என்ற பேச்சு ஊருக்குள் வந்துவிடும் என்பது பெரியம்மாவின் கவலை. துணைக்கு என் தாயாரை முதல் நாளே வரச் சொல்லியிருந்தார்.

அந்த முதல் நாளில்தான் பெரியப்பாவின் கடைக்கு மதுரையிலிருந்து மடக்கு நாற்காலிகள் லோடு வந்தது. வண்ணம் பூசாத இரும்பு நாற்காலிகள். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார்கள். அவற்றில் நான்கை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

"சமுக்காளம் விரிச்சாப் போதாதா? பாங்கா இருக்குமே" என்றார் பெரியம்மா.

"இரும்புக் கடைக்காரன் வீட்டுக்கு வந்துட்டு அவுக தரையில உக்காரவா? நல்லாருக்கே கதை."

மறுநாள் விடியற்காலையில் பெரியம்மா நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. ஜவுளிக் கடைக்காரர் வெள்ளை வேட்டியோடு வந்து இதில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தார். நான்கையும் முற்றத்துக்கு இழுத்துப்போட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பிசுக்குப் போகக் கழுவிவிட்டார். எங்கள் ஊர்க் கிணறுகளில் பெரும்பாலானவற்றின் நீர் உப்பு. துடைத்து நிழலில் வைத்த நாற்காலிகள் பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தன. அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

வந்தவர்கள் ஒன்பதரை மணிக்கு அமர்ந்தார்கள்; சௌந்தரபாண்டியன் நாற்காலியில், கோகிலாம்பாள் பெண்களோடு சமுக்காளத்தில். வெயில் ஏறியது. அந்த வீட்டில் மின்விசிறி அப்போது இல்லை. பெண்ணைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், சீர் பற்றி ஜாடையாகப் பேசினார்கள். விருதுநகரிலிருந்து தங்களுக்கு இன்னொரு இடம் வந்திருப்பதைச் சௌந்தரபாண்டியன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பதினொரு மணி சுமாருக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நாங்க பொறப்படுறோம். ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்."

அவர் திரும்பியபோது, அடுப்படி வாசலில் நின்ற என் தாயார் கண்ணில் அது பட்டது. அன்றைக்குத்தான் மடிப்புப் பிரித்துக் கட்டிய மல் வேட்டி. உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே குறுக்காக இரண்டு கோடுகள், செங்கல் நிறத்தில். சௌந்தரபாண்டியன் கைகழுவப் போவதாகச் சொல்லி முற்றத்துப் பக்கம் நடந்தார்.

"அக்கா, அவுக பின்னாடி பாரு."

பெரியம்மா பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். மூவரும் அடுப்படிக்குள் ஒதுங்கினார்கள்.

"எண்ணெயக் கழுவுனது யாரு?" என்றார் பெரியப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான்தான்."

"அந்த எண்ணெய் எதுக்குத் தடவியிருக்குன்னு நெனச்ச? நாற்காலிக்குத் தலைவாரிப் பூ வைக்கவா?"

"சமுக்காளம்னு சொன்னேன்ல. நாற்காலியத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"சரி விடு. சொல்லி விடுறோம்னுட்டாக. இனி எங்க வரப் போறாக? துருவோட போகட்டும். பஸ் ஏறிட்டா அவுக பாடு."

"அப்படிப் போனா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு அது வெள்ளாவிக்குப் போகும். கறை ஆயுசுக்கும் நின்னு போகும். நாம கெடுத்த துணி அது. எடுத்துக் குடுத்துத்தான் அனுப்புவேன்."

"வாயத் தொறக்காத வடிவு. மானம் போயிரும்."

"திருச்சுழி பஸ்ஸ்டாண்டுல அவுக மானம் போனாப் பரவாயில்லையா?"

பெரியம்மா நேரே கோகிலாம்பாளிடம் போய் நின்று, காதோரம் சொன்னார். கோகிலாம்பாள் எட்டிக் கணவரின் பின்புறத்தைப் பார்த்தார். முகம் ஒரு கணம் கடுத்தது; பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"நல்ல காரியம் பண்ணுனீக மதினி. நாங்க ஊருக்கெல்லாம் துணி விக்கிறோம், எங்க ஆளுக்கே நீங்க பார்டர் போட்டு விட்டுட்டீகளே!"

"என்னது? என்ன சிரிப்பு?" என்று கேட்டபடி வந்தார் சௌந்தரபாண்டியன்.

"அண்ணாச்சி, வேட்டிய அவுத்துக் குடுங்க" என்றார் பெரியம்மா.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் தாய் இப்படிக் கேட்டது எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம். விஷயம் விளங்கியதும் சௌந்தரபாண்டியன் கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்க்க முயன்று, முடியாமல், இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"துண்டை மேல சுத்திக்கிட்டுப் போயிருவேன். பன்னெண்டரை பஸ்ஸ விட்டா அடுத்தது அஞ்சு மணிக்குத்தான்."

"இப்ப எடுத்தாப் போயிரும் அண்ணாச்சி. வேர்வையும் ஈரமும் இன்னும் இருக்கு. காஞ்சு சவுக்காரம் பட்டுட்டா என்னாலயும் முடியாது. கழுவக் கூடாத நாற்காலியக் கழுவுனது நான். பழி என்னோடது."

கோகிலாம்பாள் சொன்னார்: "குடுங்க. புது வேட்டி. நம்ம கடையிலயே அதுக்கு என்ன வெலைன்னு ஒங்களுக்குத் தெரியாததா?"

பெரியப்பாவின் வேட்டிகளில் கறை அறவே இல்லாத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். சௌந்தரபாண்டியன் அதை உடுத்திக்கொண்டு, இந்த முறை நாற்காலிகள் எதையும் தொடாமல், சமுக்காளத்தில் உட்கார்ந்தார்.

பெண்கள் எல்லோரும் மாடிக்குப் போனார்கள். முருகேஸ்வரி அக்காவுக்குப் பட்டுப்புடவையை மாற்றக்கூட நேரமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிண்ணத்தைப் பிடித்தார். பெரியம்மா பழத்தைப் பிழிந்தார். வைகாசி வெயிலில் பழத்துக்குக் கிராக்கி. வீட்டில் இருந்தவை போதாமல் என் தாயார் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி வந்தார். கோகிலாம்பாள் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரமா அதையே பிழிஞ்சிக்கிட்டு? காயவிட்டு எடுக்க வேண்டியதுதான?"

"காஞ்சிட்டா மஞ்சளா நின்னு போகும் அத்தை. ஈரம் இருந்துக்கிட்டே இருக்கணும்" என்றார் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அத்தையா? அதுக்குள்ளயா? சொல்லி விடுறோம்னுல்ல சொல்லியிருக்கோம்."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியம்மா அடுத்த பழத்தை எடுத்துப் பிழிந்தார். கோகிலாம்பாள் எழுந்து வந்து, அக்காவின் பக்கத்தில் குந்தி, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அலச வேண்டிய நேரம் வந்தது. அந்த ஆண்டு கோடையில் நல்ல தண்ணீர் வண்டியில்தான் வந்தது. வீட்டில் இருந்தது இரண்டு குடம், அடுத்த வண்டி மறுநாள். பெரியம்மா ஒரு குடத்தைத் தூக்கி வந்து, வேட்டியின் மேல் விட்டு, மீண்டும் விட்டு, புளிப்பு போனதா என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் விட்டார். திருச்சுழிப் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சம் அறிந்தவர் கோகிலாம்பாள். அதற்குப் பிறகு அவர் கேலி எதுவும் பேசவில்லை என்று அக்கா சொன்னார்.

பன்னிரண்டரை பஸ் போய்விட்டது. ஒரு மணியாயிற்று. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் சொல்வதற்கு முன் பெண் வீட்டில் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி, வெற்றிலையோடு சரி. நனைத்தால் முடிந்தது என்று பொருள். விருந்தினர் பட்டினியாக இருக்கும்போது வீட்டாரும் உண்ண முடியாது. அடுப்படியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. குழம்பின் வாசனை கீழ் வீடு முழுக்க நின்றது. சௌந்தரபாண்டியன் வெற்றிலை போட்டார். பெரியப்பா வெற்றிலை போட்டார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பருத்தி விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மீண்டும் வெற்றிலை போட்டார்கள்.

இரண்டு மணிக்குப் பெண்கள் கீழே இறங்கினார்கள். பெரியம்மா ஈர வேட்டியை விரித்துக் காட்டினார்.

"ஒரு கோடு போயிருச்சு அண்ணாச்சி. இன்னொண்ணு நெழலாத் தெரியுது பாருங்க. நாளைக்கும் ஒரு வெயில் வேணும். முழுசாப் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

சௌந்தரபாண்டியன் துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ஜவுளிக் கடைக்காரர் பார்க்கும் பார்வை அது. நிழலாகத் தெரிந்த இடத்தை விரலால் தேடினார்.

"பரவாயில்ல. இதோட கட்டிக்கிட்டுப் போறேன்."

"வேண்டாம். கெடக்கட்டும் இங்க" என்றார் கோகிலாம்பாள். "நாளைக்கு வெயில் காட்டி எடுத்துட்டு வருவாக."

"யாரு எடுத்துட்டு வருவா?"

"தாம்பூலத் தட்டு கொண்டு வாரப்ப அண்ணாச்சி கையோட எடுத்துட்டு வருவாக. மதினி, எலையப் போடச் சொல்லுங்க. எனக்குப் பசி உசுரு போகுது."

"ஏய், என்ன பேசுற? கை நனைச்சா என்னன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். விருதுநகர்க்காரக எம்புட்டு நக போட்டாலும் போடட்டும். ஒங்க முதுகுல இருந்தத ஒங்ககிட்டயே சொல்ல ஒரு வீடு வேணும்ல? நான் கூட இங்க உக்காந்தவதான், எனக்கே தெரியல. மதினிக்குத்தான் தெரிஞ்சது, மறைக்காமச் சொன்னாக."

சௌந்தரபாண்டியன் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி" என்றார் சௌந்தரபாண்டியன், "நாற்காலிக்கெல்லாம் மொதல்ல வண்ணம் அடிங்க. கல்யாணத்துக்கு வாரவுகளுக்கு எங்களால வேட்டி குடுத்துக் கட்டாது."

இலை போட்டார்கள். இங்கேதான் இரு கூற்றுகளும் மாறுபடுகின்றன. முதலில் சோற்றில் கை வைத்தவர் கோகிலாம்பாள் என்பார் என் தாயார். சௌந்தரபாண்டியன்தான், அதுவும் ரசம் வருவதற்குள் குழம்புக்கு மறுசோறு கேட்டுவிட்டார் என்பார் அக்கா. எது சரியென்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. பெரியம்மா பரிமாறவில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அவர் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எலுமிச்சைச் சாறும் உப்பும் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட அந்தக் கையால் முடியவில்லை. என் தாயார் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

பெரியம்மாவைக் கைத்திறன் உள்ளவர் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் எண்ணெயைக் கழுவிய கையும் அதுதான். அதனால் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் வெயிலில் இரண்டாவது கோடும் போயிற்று. பெரியப்பா நான்காம் நாள் தாம்பூலத் தட்டோடும் மடித்த வேட்டியோடும் திருச்சுழி போனார். திருமணம் அவ்வாண்டு ஆவணியில் அருப்புக்கோட்டையில் நடந்தது.

முருகேஸ்வரி அக்கா திருச்சுழி வீட்டில் வாழ்ந்தது முப்பத்து நான்கு ஆண்டுகள்; அங்கும் துணி உலர்த்த மூங்கில் கழிதான்.